ஊழியமும் ஊழியரும்

போன மார்ச் மாதம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. கட்டப்போகும் நுழைவாயில் வளைவின் வரைபடம். இரண்டு கிரானைட் தூண்கள், உச்சியில் சிலுவை, கீழே தங்க எழுத்தில் பள்ளியின் பெயர். மதிப்பீடு 13 லட்சம் ரூபாய். இரண்டே நாளில் துபாய், டொராண்டோ, மெல்போர்ன், ஃபிராங்ஃபர்ட் என்று நாலா பக்கத்திலிருந்தும் தொகைகள் அறிவிக்கப்பட்டன. கொடுத்தவர்கள் பெயரைத் தூணில் செதுக்குவார்களாம்.

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று குழுவில் ஒரு வரி எழுதினேன்: "அந்த வளைவுக்குக் கீழே நடந்து போகும் டீச்சருக்கு என்ன சம்பளம் என்று யாராவது கேட்டீர்களா?" அதற்கு வந்த பதில்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

திருநெல்வேலிக்குத் தெற்கே பனைகளுக்கு நடுவில் உள்ள சின்னப் பள்ளி அது. பெயர் வேண்டாம். அதைப் போன்ற இன்னொரு பள்ளியில் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அரசு உதவி பெறும் தமிழ்வழி வகுப்புகள். அந்தப் பக்கம் சுயநிதி ஆங்கிலவழி வகுப்புகள். 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகு வளர்ந்ததெல்லாம் பெற்றோர் கட்டும் கட்டணத்தில் வளர்ந்தது. சுவருக்கு இந்தப் பக்க ஆசிரியருக்கு அரசுப் பள்ளிக்கு இணையான சம்பளத்தை அரசே தருகிறது. அந்தப் பக்கத்து ஆசிரியைக்கு நிர்வாகம் தருவது மாதம் 8,500 ரூபாய். இருவருக்கும் ஒரே மணி அடிக்கிறது. இருவரும் ஒரே ஜெபத்துக்குத் தலை குனிகிறார்கள்.

8,500 வாங்கும் ஒருவர் ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்தவர். போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது அவர் வகுப்பில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து 41 பிள்ளைகள். ஆங்கிலவழி என்பது பலகையில்தான். கூட்டல் கணக்கு புளியங்கொட்டையில், தமிழில் நடக்கிறது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அதை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறார். அப்பா பனையேறி, அம்மா பீடி சுற்றுபவர். அந்த வீட்டுப் பையன் அன்று கரும்பலகையில் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினான். டீச்சர் அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். எந்த மென்பொருளும் செய்துவிட முடியாத வேலை அது.

மதியச் சோற்றைச் சாப்பிட்டபடியே வருகைப் பதிவை எமிஸ் செயலியில் ஏற்றுகிறார். போன் அவருடையது, டேட்டாவும் அவருடையது. சாயங்காலம் கட்டணம் கட்டாத வீடுகளுக்குப் போன் போட வேண்டும். ஞாயிறு காலை ஞாயிறு பள்ளி. டிசம்பரில் கீத பவனி, பண்டிகை வந்தால் அசனத்துக்குப் பரிமாற ஆள். மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. மீதி நாளில் அட்மிஷனுக்காக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அந்த மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை. ஏப்ரல் கடைசி நாளில் சுயநிதி ஆசிரியைகள் எல்லோரும் ராஜினாமாக் கடிதம் எழுதித் தருகிறார்கள். ஜூனில் புதிதாகச் சேர்ந்ததாகக் கணக்கு. என் வகுப்புத் தோழி அங்கே வேலை செய்வது 17 ஆண்டுகளாக. காகிதத்தில் அது 17 பதினோரு மாதங்கள். அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில்.

இதையெல்லாம் குழுவில் எழுதியபோது வந்த முதல் பதில்: "அது வேலை இல்லை, ஊழியம்."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சபைத் தமிழில் ஊழியம் என்றால் கடவுளுக்குச் செய்யும் பணி; கூலி கேட்பது அதற்கு இழுக்கு. அலுவலகத் தமிழில் ஊழியர் என்றால் சம்பளம், விடுப்பு, சேமநிதி, பணிக்கொடை எல்லாம் உள்ளவர். நம் டீச்சரிடம் ஊழியத்தைக் கேட்கிறார்கள். ஊழியராக அவரை ஏற்பதில்லை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒருவரின் முதுமை போய்விடுகிறது.

சட்டமும் வெகுகாலம் இதே பாட்டைத்தான் பாடியது. கோவாவில் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்திய பள்ளியில் வேலை பார்த்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியை 1975-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழில் தகராறு சட்டத்தின்படி நியாயம் கேட்டார். 1988-ல் உச்ச நீதிமன்றம், கல்வி புகட்டுவது உயர்ந்த பணி, ஆகவே ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்றது. 2004-ல் இன்னொரு வழக்கில், பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர் 'ஊழியர்' அல்ல என்றது. நாடாளுமன்றம் 2009-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே செல்லும்படி ஆசிரியரைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடி 2022-ல் தோற்றன. ஆனால் பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். ஏப்ரல் கடைசி நாளின் ராஜினாமாக் கடிதம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது பதில்: "இந்துத் தனியார் பள்ளியில் மட்டும் வாழ்கிறதா?" இல்லை. அங்கேயும் இதே கதைதான். ஆனால் அங்கே அதைக் கடவுளின் அழைப்பு என்று சொல்லி வாயை அடைப்பது குறைவு. பிடித்துவைத்த கூலி என்ன செய்யும் என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அதைப் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்கள், 'எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம்' என்று சொல்லலாமா?

மூன்றாவது பதில்தான் கனமானது: "சிறுபான்மையினர் மேல் கல் விழும் காலத்தில் நீயே கல் எடுத்துக் கொடுக்காதே." அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் சிறுபான்மை உரிமைக்குள் இது அடங்காது என்று 1986-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. டெல்லியின் ஃபிராங்க் ஆண்டனி பள்ளி ஊழியர்கள் தொடர்ந்த வழக்கு அது. அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சம்பள விதியிலிருந்து டெல்லிச் சட்டம் தந்திருந்த விலக்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பள்ளி நடத்தும் உரிமை வேறு, ஆசிரியரைச் சுரண்டும் வசதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுபவர்கள்தான் வெளியிலிருந்து எறிபவனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நான் வாழ்வது ஜெர்மனியில். இங்கிருந்து 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததையும் 1820-ல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததையும் நாம் மறப்பதில்லை. இந்த நாட்டின் 1949 அடிப்படைச் சட்டம் ஏழாவது பிரிவில் ஒன்று சொல்கிறது: அரசுப் பள்ளிக்கு மாற்றாக நடக்கும் தனியார் பள்ளியில் ஆசிரியரின் பொருளாதார நிலையும் சட்ட நிலையும் போதிய அளவு உறுதியாக இல்லையென்றால் அனுமதி தரக்கூடாது. ஓர்கன், மணிக்கூண்டு, அச்சுக்கூடம் எல்லாம் இங்கிருந்து இறக்குமதி செய்தோம். இதை மட்டும் விட்டுவிட்டோம்.

"பணம் எங்கே?" என்பார்கள். நியாயம். பீடி சுற்றும் வீட்டில் கட்டணத்தை ஏற்ற முடியாது. ஆனால் பணம் இல்லாமல் இல்லை. 13 லட்சம் இரண்டு நாளில் வந்ததே. அந்தப் பள்ளியில் சுயநிதி ஆசிரியைகள் ஐந்து பேர். ஆளுக்கு மாதம் 7,000 ரூபாய் கூட்டினால் வருடத்துக்கு 4,20,000. மூன்று வருடத்துக்கு 12,60,000. வளைவின் விலைக்குள் அடங்குகிறது, மிச்சம் 40,000. மூன்று வருடம் கழித்து என்ன என்று கேட்பீர்களானால், அதற்குள் இன்னொரு தூணுக்கு வசூல் தொடங்கியிருக்கும், அதை நிறுத்துங்கள் என்பேன்.

கல்லில் நம் பெயர் நிற்கும், சம்பளச் சீட்டில் நிற்காது. நம் தயாள குணத்தின் ரகசியம் இதுதான். கால்மணி நேரக் கூட்டத்துக்கும் டைம்ஷீட் எழுதிக் காசு வாங்குகிற என்னைப் போன்றவர்கள், எழுதப் படிக்கக் கற்றுத் தந்த இடத்தில் மட்டும் 'உழைப்புக்கு விலை பேசாதே' என்கிறோம்.

பள்ளியிலிருந்து நன்கொடை கேட்டு வரும் கடிதத்துக்கு இனி நாம் மூன்று பதில் கேள்விகள் வைப்போம். சம்பளம் முழுவதும் வங்கிக் கணக்கில், பன்னிரண்டு மாதமும் போகிறதா? ஏப்ரல் ராஜினாமா நின்றுவிட்டதா? சான்றிதழ்கள் உரியவர் கைக்குத் திரும்பிவிட்டனவா? 'ஆம்' என்று பதில் வந்தால் நான் முதல் ஆளாக அனுப்புகிறேன். தாளாளருக்கு இதை எழுதி ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை. வளைவுக்கு அஸ்திவாரம் தோண்டிய படம் மட்டும் குழுவில் வந்தது.

அன்று மதியம் விடைபெறும்போது என் வகுப்புத் தோழி வாசல் வரை வந்தார். "எழுதுறதுன்னா எழுதுங்க. எம் பேரை மட்டும் போட்டுராதீங்க. ஜூன்ல ஆர்டர் தரமாட்டாங்க" என்றார்.

போடவில்லை. நன்கொடையாளர்கள் பெயரெல்லாம் தூணில் வரும். அவர் பெயரை இந்தத் தாளில்கூட எழுத முடியவில்லை.