ஸீரோஸ் யாருக்கும் நகல் இல்லை

கலிபோர்னியா பங்க் இசையைப் பற்றி யார் எழுத வந்தாலும் தி ஸீரோஸ் குழுவின் பெயரோடு ஒரு பட்டத்தையும் ஒட்டிவிடுகிறார்கள்: 'மெக்சிகன் ரமோன்ஸ்'. நியூயார்க்கில் ரமோன்ஸ் கண்டுபிடித்ததை எல்லையோரப் பையன்கள் நால்வர் பார்த்து எழுதினார்கள் என்பதுதான் அதன் உட்பொருள். பாராட்டுப்போல ஆரம்பித்தது, இப்போது வரலாறாக அச்சாகிறது. பல ஆண்டுகளாக என்னை உறுத்திவரும் இந்தப் பட்டத்தில் சரியென்று சொல்ல எதுவுமே இல்லை.

முதலில், 'மெக்சிகன்'. ஹாவியர் எஸ்கொவேடோ, ராபர்ட் லோபஸ், ஹெக்டர் பெனலோசா, பாபா செனெல் ஆகிய நால்வரும் 1976-இல் சான் டியாகோவுக்குத் தெற்கே சூலா விஸ்டாவில் சேர்ந்த, மெக்சிகோ வம்சாவளிப் பதின்வயதினர். பாடியது ஆங்கிலத்தில். ரமோன்ஸைப் பற்றி எழுதும்போது எவரும் அவர்களுடைய பாட்டன் பூட்டன் ஊரை முன்னால் சேர்ப்பதில்லை.

அடுத்து, 'பின்னால் வந்தவர்கள்' என்ற வாதம். ரமோன்ஸின் முதல் இசைத்தட்டு 1976 ஏப்ரலில் வெளிவந்தது. சரியாக ஓராண்டில் ஸீரோஸ் லாஸ் ஏஞ்சலிஸில் வியர்டோஸ், ஜெர்ம்ஸ் குழுக்களோடு மேடையேறிவிட்டார்கள். பாம்ப் நிறுவனம் அவர்களுடைய முதல் சிங்கிளை வெளியிட்டதும் அதே 1977-இல்தான்.

இனி முக்கியமான கேள்வி: யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்? ரமோன்ஸின் அந்த முதல் தட்டில் 14 பாடல்கள். 13 சொந்தப் பாடல்கள். வெளியிலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று: 'லெட்ஸ் டான்ஸ்'. 1962-இல் அதைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனவர் கிறிஸ் மோன்டெஸ். பாடகர் ரிச்சி வேலன்ஸைக் கேட்டு வளர்ந்த, லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே ஹாதோர்னைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர். மூலம் என்று கொண்டாடப்படும் இசைத்தட்டே கலிபோர்னிய மெக்சிகோ வம்சாவளியினரிடம் கை நீட்டியிருக்கிறது.

இன்னும் பின்னால் போவோம். கராஜ் ராக்கின் அரிச்சுவடியான 'லூயி லூயி'யின் தாளக்கட்டை ரிச்சர்ட் பெர்ரி எடுத்தது கியூபாவின் ரெனே தூசே இசைத்த 'எல் லோகோ சா சா'விலிருந்து. 1964-இல் 'ஃபார்மர் ஜான்' பாடிய தி பிரீமியர்ஸ், கலிபோர்னியாவின் சான் கேப்ரியலைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குழு. 1972-இல் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' இசைத்தட்டில் அவர்கள் இருக்கிறார்கள். 1966 அக்டோபரில் '96 டியர்ஸ்' பாடலால் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ், மிச்சிகனில் குடியேறிய மெக்சிகோ வம்சாவளிப் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள். 1971-இல் கிரீம் இதழில் டேவ் மார்ஷ் 'பங்க் ராக்' என்று எழுதியது அவர்களைப் பற்றித்தான். அப்போது ரமோன்ஸ் என்றொரு குழுவே கிடையாது. ஸீரோஸ் மேடையில் நின்றபோது அவர்களுக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள். நியூயார்க்கின் ரமோன்ஸ் பையன்களிடம் அவர்கள் அனுமதி வாங்கத் தேவையிருக்கவில்லை.

கடைசியாக, 'ஒரே அச்சு' என்ற குற்றச்சாட்டு. லோபஸ் விலகினார். மற்ற மூவரும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் 1980-இல் இன்னொரு சிங்கிள் வெளியிட்டார்கள். பிறகு குழு கலைந்தது. ஹாவியர் தன் அண்ணன் அலெஹாந்த்ரோவோடு டெக்சஸின் ஆஸ்டினில் ட்ரூ பிலீவர்ஸ் குழுவில் கித்தார் வாசித்தார். லோபஸ் 1988 முதல் 'எல் வெஸ்' என்ற பெயரில் எல்விஸின் பாட்டுகளை மெக்சிகோ வம்சாவளியினரின் அரசியல் பேச வைத்தார். தொண்ணூறுகளில் ஸீரோஸ் மறுபடி கூடி முழு இசைத்தட்டே வெளியிட்டார்கள். வெறும் நகலாக இருந்தவர்களால் இப்படி ஆளுக்கொரு திசையில் வளர்ந்திருக்க முடியாது.

பங்க் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டத்தை அடித்துவிடுங்கள். 'தி ஸீரோஸ், சூலா விஸ்டா, 1976' என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் குழுவுக்கு அந்த அறிமுகம் போதும்.