ஆயிரம் பேர் சொன்னார்கள்... ஆபத்துக்கு வந்தவர் யார்?
செல்போன் வைத்தியத்தின் மறுபக்கம்

"குரூப்ல கேட்டேன். இதைச் சாப்பிடச் சொன்னாங்க!"

மின்சார ரெயிலிலும் டீக்கடையிலும் இன்று அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

முன்பு திண்ணையில் உட்கார்ந்து கை வைத்தியம் சொன்னவரை நமக்குத் தெரியும். மருந்து பலிக்காவிட்டால் மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். செல்போனில் மருந்து சொல்கிறவர் யார்? எந்த ஊர்? என்ன படிப்பு? ஒன்றும் தெரியாது!

குன்றத்தூரில் பரபரப்பு

சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில் நடந்த சம்பவம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மூன்றாவது குழந்தையை எதிர்பார்த்திருந்த ஒரு தம்பதி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பினார்கள். கணவரே வீட்டில் பிரசவம் பார்த்தார். சுகாதாரத்துறையினர் புகார் கொடுக்க, போலீசார் விசாரணை நடத்தினார்கள்.

நல்லவேளையாகத் தாயும் சேயும் பிழைத்தார்கள். "அதான் ஒண்ணும் ஆகலியே!" என்று சிலர் கேட்கலாம்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

திருப்பூரில் போன உயிர்

2018 ஜூலையில் திருப்பூரில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. யூடியூப் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம். குழந்தை பிழைத்தது. தாய்க்கோ ரத்தப்போக்கு நிற்கவில்லை. பரிதாபமாக உயிர் பிரிந்தது.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததுமே கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுகிறார்கள். வேண்டுமானால் ரத்தம் ஏற்றுகிறார்கள். வீடியோ ஊசி போடுமா? ரத்தம் கொடுக்குமா?

ஜெயித்தவர் பேச்சு மட்டுமே!

குழுவில் ஆயிரம் பேர் இருந்தால், "எனக்குச் சரியாப் போச்சு" என்பவர்கள்தான் வாய் திறப்பார்கள். உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் வெளியே சொல்ல வெட்கப்படுவார். செத்தவர் வந்து எழுதப்போவதில்லை! ஆகவே, பிழைத்த கதைகள் மட்டுமே குவிகின்றன. படிக்கிறவர் அதையே முழு உண்மை என்று நம்பிவிடுகிறார்.

இன்னொன்று. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் கேள்வி கேட்பார். "சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? வேற மாத்திரை சாப்பிடறீங்களா?" குழுவில் கேள்வி கிடையாது. பதில்தான் வந்து விழும்.

2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கொரோனாவுக்கு மருந்து என்று ஒரு டிக்டாக் வீடியோவை நம்பி ஊமத்தங்காயை அரைத்துக் குடித்தார்கள். குழந்தைகள் உட்படப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஏன் போகிறார்கள்?

ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டரைப் பார்க்க ஒருநாள் லீவு. பீஸ் தனி. டோக்கன் வாங்கி மணிக்கணக்கில் காத்திருந்தால், உள்ளே இரண்டே நிமிடம். "ஒரு கேள்வி கேட்டா கோவிச்சுக்கிறாரே" என்ற மனக்குறை பலருக்கு உண்டு. டாக்டர்களும் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால், செலவில்லாத வழியும் இருக்கிறது. 104-க்கு போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். அவசரம் என்றால் 108.

போனில் வைத்தியம் செய்கிறவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. எனவே, யார் மருந்து சொன்னாலும் முதலில், "உங்க பதிவு நம்பர் என்ன?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மருந்தும் வேண்டாம்.

யோசனை சொன்னவர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் குழுவிலிருந்து போய்விடுவார். மருந்தைக் குடித்தவர் எங்கே போவார்?