மேகத்தில் ஏறிய சேமநிதி

சேர்வராயன் மலைத் தோட்டத் தொழிலாளிக்கு மேகம் புதிதல்ல. ஆனால் இன்று கம்ப்யூட்டர் உலகிலும் ஒரு 'மேகம்' உண்டு. ஊரார் கணக்குகளைப் பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கூடங்களில் வாடகைக்கு வைப்பதையே 'கிளவுட்' என்கிறார்கள்.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது? 6 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினராயுள்ள யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கிளவுட் தளத்தைக் கூகுள் கம்பெனி தவறுதலாக அழித்துவிட்டது! சுமார் ஒரு வாரம் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். மீட்கப் பெரிதும் உதவியது, வேறொரு கம்பெனியிடம் வைத்திருந்த பிரதிதான்.

மேட்டூர் அனல் நிலையத்தில் ஒரு யூனிட் நின்றால், பிற நிலையங்கள் ஏற்காட்டுக்கும் கை கொடுக்கின்றன. இது யாருடைய நல்ல மனதாலும் அல்ல. எல்லோரையும் கட்டுப்படுத்தும் பொது விதியால். கிளவுட் கம்பெனிகளோ, கணக்கை வேறிடம் மாற்றுவதற்கே கட்டணம் கேட்டுப் பழகியவை. இதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 12 முதல் அமலாக்கியது. இங்கு ஏன் கூடாது?

தோட்டத்திலும் மில்லிலும் வியர்வை சிந்திச் சேர்த்த சேமநிதியின் கணக்கு எங்கிருந்தாலும், வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். கம்பெனிகள் ஒத்துழைக்கப் பொது விதி வேண்டும். தவறினால் நஷ்டஈடு வேண்டும். சர்க்கார் இதைச் சட்டமாக்கட்டும். சங்கக் கூட்டந்தோறும் இக்கோரிக்கை முழங்கட்டும்!