கீர்த்தியின் பெயரும் நமது கூச்சமும்

கணினித்துறைக் கருத்துக்களைத் தமிழில் எழுத முனைவது வீண்வேலை என்பர் விஞ்ஞானம் கற்றோர். அவற்றால் கலைப்பீட மாணவனுக்கு ஆவதொன்றுமில்லை என்பர் நம்மவர். இரு சாராரும் தவறுகின்றனர்.

கணினித் திரையில் ஓடும் இரு பொருள்கள் மோதினவா என்பதை எவ்வாறு அறிவது? படம் வினாடிக்கு 60 தடவை மாறுமாயின் 60 தடவையும் விடை வேண்டும். பொருள்கள் ஆயிரமெனில் சோடிகள் 499,500. ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டிக்குள் அடைத்ததாகக் கொண்டு, பெட்டிகள் தொடாத சோடிகளை முதலிலேயே தள்ளிவிடலாம். எஞ்சியவற்றுக்கே நுண்கணிப்பு. அதற்கு இன்றும் கைகொடுப்பது, பொருள்களுக்கிடையிலான தூரத்தை விரைந்து கணிக்கக் கில்பேட், ஜோன்சன், கீர்த்தி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட வழிமுறை. மூவரின் முதலெழுத்துக்களால் அது ஜி.ஜே.கே. எனப்படும். மூன்றாமவரான சத்திய கீர்த்தி திருச்சிராப்பள்ளியில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்றவர். பண்டைப் பெருமை பேசிப் பக்கம் நிரப்பும் நம்முள் எத்தனை பேர் இப்பெயரை அறிவர்?

இறக்காமத்து வயலொன்றை எண்ணுக. அதன் எந்த இரு புள்ளிகளுக்கிடையே கயிறு பிடித்தாலும் கயிறு வரம்பைத் தாண்டாதெனில் அது குவிவு வடிவம். அத்தகைய இரு பொருள்களில், முதலாவதின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றதின் ஒவ்வொரு புள்ளியையும் கழித்தால் புதியதோர் உருவம் பிறக்கும். இரண்டுக்கும் பொதுப்புள்ளி இருப்பின் அங்கே விடை பூச்சியம். எனவே புதிய உருவம் உற்பத்திப் புள்ளியைத் தன்னுட் கொள்ளும். இல்லையேல் கொள்ளாது. அவ்வுருவம் முழுவதையும் வரைய வேண்டியதுமில்லை. வேண்டிய திசையில் மிகத் தொலைவிலுள்ள முனையைத் தேடி, ஒரு வேளையில் நான்கு முனைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், உற்பத்தியை நோக்கிப் படிப்படியாக நெருங்கினாற் போதும். (குழிந்த பொருளைக் குவிவுத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வர்.)

இதில் எவ்விடத்தில் தமிழ் இடறிற்று? ஆள்கூறு, காவி, உற்பத்தி என்பன உயர்தர வகுப்பில் இணைந்த கணிதத்தைத் தமிழிற் கற்றோர் நாளும் வழங்கிய சொற்கள். பல்கலைக்கழக வாயிலில் அவற்றைக் களைந்துவிட்டு வருமாறு பணிப்பது யார்? தமிழில் கற்றவன் ஆங்கிலச் சொல்லுக்குத் தடுமாறும்போது, தன் அறிவே குறையுடையது என நம்பிவிடுகிறான். கொடுமை அதுவே. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அமெரிக்கருக்கு இல்லாத கூச்சம் நமக்கேன்?

சொல்லாக்கமும் நடையும் கலைப்பீடத்தாரின் தொழில். கணிதம் அறிந்த நண்பர் ஒருவர் அடுத்த மலருக்கு இதனினும் விரிவாக எழுதித் தரட்டும். சந்திப்பிழை திருத்த நாம் இருக்கிறோம்.