இலைக்கும் உண்டு கள்ளநோட்டு விளக்கு

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு எங்கள் மேஜையில் எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்று ராசிபுரம் பக்கம் காட்டுக்கு வந்தபின் அதேபோல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, இருட்டில் அந்த விளக்கைக் காட்டுங்கள். பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும்.

இதில் மாயம் ஏதுமில்லை. வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையம் திருப்பிக் கொடுக்கிறது. உயிருள்ள இலையில் அந்த வெளிச்சம் எலக்ட்ரானைக் கிளப்பி, கைமாற்றிக் கைமாற்றி மாவுச்சத்து செய்ய அனுப்புகிறது. மிஞ்சியது வெப்பமாகப் போகும். சிவப்பொளியாகத் திரும்புவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். 1931ல் ஜெர்மனியில் கவுட்ஸ்கியும் ஹிர்ஷும், இருட்டில் வைத்த இலைமேல் ஒளி பட்டதும் இந்தச் சிவப்பு சட்டென ஏறி, பின் மெல்ல இறங்குவதைக் கண்டார்கள். எலக்ட்ரான் பாதை அடைத்தால் சிவப்பு ஏறும்.

நம் பக்கம் மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் அடிக்கிறார்கள். எலக்ட்ரானை வாங்கிப்போக வேண்டிய பிளாஸ்டோகுயினோனின் இருக்கையில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. காசாளர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தால் வரிசை என்னாகும்? தேங்கிய ஆற்றல் இலையையே பொசுக்குகிறது. மக்காச்சோளம் அந்த மருந்தை முறித்துவிடும், பயறு வகைக்கு அந்தத் திறன் இல்லை. பயறு ஊடுபயிர் போட்டால் அட்ரசின் கூடாது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. நிலத்தடி நீரைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2004லேயே இதற்கு அங்கீகாரம் மறுத்தது.

போன ஆடிப்பட்டத்தில் மேட்டுக்காட்டு மழைத்தண்ணி வரப்பை உடைத்து வந்தபின், என் உளுந்து ஓரமெல்லாம் வெளுத்துக் கருகியது. மருந்துதான் என்றேன். "இல்லீங்ணா, சத்துப் பத்தல" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். என்னால் நிரூபிக்க முடியவில்லை.

இந்தச் சிவப்பை அளக்கக் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. இருட்டில் வைத்த நல்ல இலை 0.83 அருகே காட்டும். கண்ணுக்கு மஞ்சள் தெரியுமுன்பே கோளாறு தெரிந்துவிடும். வறட்சியும் எண்ணைக் குறைக்கும் என்பதால் இது மட்டும் சாட்சி ஆகாது. ஆனால் எந்த இலையை எச்ச ஆய்வுக்கு அனுப்புவது என்று காட்டிக்கொடுக்கும். மண் பரிசோதனைபோல இதையும் வேளாண் அறிவியல் நிலையங்களில் வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

நமக்கும் ஒரு வார்த்தை. களையெடுக்க ஆள் கிடைக்காமல்தான் அவர் மருந்தைத் தொடுகிறார். "விஷம், விஷம்" என்று கத்தினால் வரப்புச் சண்டைதான் மிஞ்சும். விளக்கையும் சாற்றையும் அவர் திண்ணையில் வைத்துக் காட்டினேன். இந்த வருஷம் என் வரப்போரம் பத்தடி விட்டு அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதாது. அடுத்து என் சக்கரக் களைக்கருவியை அவர் காட்டில் ஒரு நாள் ஓட்டிக் காட்டப் போகிறேன்.