பத்து நிமிட வேலையாம்!

"ஒரு பேட்டரிய மாட்டி, நாலு பேர் தள்ளினா கெளம்பிடும் சார். பத்து நிமிஷ வேலை."

பல வருடம் கொட்டகையில் நின்ற காரைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் "காயலான் கடைக்குப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்பார்கள். இரண்டு கூட்டத்தாரோடும் எனக்குச் சண்டை உண்டு. முதல் கூட்டத்தாரோடு கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அவர்களால் எங்கள் குடும்பத்துக்குக் கைநஷ்டம்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. 1978இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3. மாமா காலமான பிறகு முத்தியால்பேட்டை வீட்டின் ஓட்டுக் கொட்டகையில் ஒன்பது வருடம் நின்றது. அக்காவுக்கு இப்போது 79. ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் தேர் பார்க்க வருடா வருடம் அந்த வண்டியில்தான் போவார்கள். "இன்னும் ஒரு தடவ அதுல போயிட்டு வந்துடணும்டா தம்பி" என்று போன பொங்கலன்று சொன்னார். அப்படித்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

அக்கா மகன் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். வந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும். புதுப் பேட்டரி மாட்டினார், ஒரு கேனில் பெட்ரோல் ஊற்றிக் குழாயைச் செருகினார். செல்ஃப் இழுக்கவில்லை. உடனே ஒரு மினி வேனில் கயிறு கட்டி, இரண்டாவது கியரில் போட்டு இழுக்கச் சொன்னார். பின்சக்கரங்கள் சுற்றாமல் மண்ணில் தேய்ந்துகொண்டு வந்தன. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். "சார், இதெல்லாம் நமக்குப் பழக்கம்" என்றார். மூன்றாவது இழுப்பில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் பத்து வினாடி நொண்டியடித்து ஓடி நின்றது. "பாத்தீங்களா, ஓடுது!" என்று பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு டாப்பெட் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு புஷ் ராடுகள் வளைந்திருந்தன. கடற்காற்றில் வால்வுத் தண்டு துருப்பிடித்து, பழைய பிசினும் சேர்ந்து, கைடுக்குள் இறுகிப் போயிருந்தது. கேம்ஷாப்ட் கீழிருந்து தள்ளுகிறது, மேலே வால்வு அசைய மாட்டேன் என்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி வளையாமல் என்ன செய்யும்? பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம் கிடைத்தவர் என் வயதுக்காரர். அரசு வண்டிகளில் வேலை பார்த்தவர். முதல் நாள் சாவியைத் தொடவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துணியால் மூடிவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். பிளக் இல்லாமலே, முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றினார். முழுச் சுற்று அல்ல, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். சம்ப்பில் இருந்த பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினார். அதன் பிறகுதான் பேட்டரி. அதுவும் பிளக் மாட்டாமல் செல்ஃபை மட்டும் விட்டுவிட்டு அடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை பார்த்தார். ஒன்பது வருடம் காய்ந்த பேரிங்குக்கு முதலில் எண்ணெய் போகட்டும், நெருப்பு பிறகு என்பது அவர் கணக்கு.

பெட்ரோல் டாங்கைக் கழற்றியபோது வந்த நாற்றம் பெட்ரோல் நாற்றமே இல்லை, வார்னிஷ் நாற்றம். அடியில் துருத்தூள். அதோடு ஓட்டியிருந்தால் கார்புரேட்டர் ஜெட் அன்றைக்கே அடைத்திருக்கும். ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாப்ரத்தையும் மாற்றச் சொன்னார். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்குத் தாங்காது. சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. ஏர் கிளீனரில் எலி குடித்தனம் நடத்தியதைத் தனியாக எழுதலாம்.

என் கோபம் எல்லாம் பிரேக்கைப் பற்றித்தான். தள்ளு கோஷ்டி கிளம்புவதைப் பற்றியே பேசுகிறது, நிற்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூன்றில் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வாஷர் கூழாகிக் கிடந்தது. அன்றைக்கு அந்த இஞ்சின் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால், அக்கா மகன் அப்படியே கடற்கரைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பான். புஷ் ராடு வளைந்ததே நல்லதாயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

சரி, காயலான் கடைக் கட்சிக்கு வருவோம். பழைய வண்டி புகை விடும், அதில் சீட் பெல்ட் கிடையாது என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு நாலு நாள் தேருக்கும் கல்யாணத்துக்கும் போகிற வண்டி விடும் புகையைப் பேசுகிறவர்கள், பால் வாங்கத் தெருமுனைக்குக் காரில் போகிறார்களே, அதைப் பேசுவார்களா? பதினைந்து வருடம் ஆனால் மறுபதிவு, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதனை. அது வேண்டியதுதான். ஆனால் 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. ஐம்பது வருடம் ஆன வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய 2021இல் விதி வந்தது. அதற்கு 20,000 ரூபாய். கட்டினாலும் அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்கள் வண்டிக்கு 2028இல்தான் ஐம்பது ஆகும். அதுவரை அது பழமைச் சின்னமும் இல்லை, வெறும் கிழம். ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். விதி எழுதுகிறவன் நினைப்பு எப்படிப் போகும் என்று தெரியும். கொட்டகையில் ஒரு கிழவி காத்திருப்பது அதில் வராது.

பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில், வழியில் நின்றுபோன வண்டியை 'ஆன் பான்' என்போம். நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகையிலிருந்து கேட் வரை வந்தது. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறங்கவில்லை, அதுவும் துரு. இடது பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் இன்னும் லேசாகக் கசிகிறது. அது நிற்காமல், சோதனை முடித்துக் காகிதம் கைக்கு வராமல், கேட்டைத் தாண்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அக்கா மகனுக்கு என்மேல் வருத்தம்.