"பொண்ணுக்கு .22 பிஸ்டல் வாங்கணும், எது நல்லது டாக்டர்?"

போன வாரம் கோரிப்பாளையம் கிளினிக்ல ஒருத்தருக்கு சர்க்கரை மாத்திரை எழுதிட்டு இருந்தேன். "சார், நீங்க ஷூட்டிங் போவீங்களாமே. பொண்ணு ஏர் பிஸ்டல்ல நல்லா சுடுது, அடுத்து .22 வாங்கிரலாம்னு பார்க்கிறேன். மனு பாக்கர் என்ன கம்பெனி வச்சிருக்கு, அதையே வாங்கிரலாமா?"ன்னு கேட்டார். இதே கேள்வி இன்பாக்ஸ்லயும் அடிக்கடி வருது. அதனால பொதுவாவே எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல மனு பாக்கர் விஷயம். 2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவுல அவங்க பிஸ்டல் பழுதாயிடுச்சு. சரி பண்ணிட்டு வந்து மிச்சத்தைச் சுட்டாங்க. 575 புள்ளி எடுத்து, ரெண்டே புள்ளியில பைனல் போச்சு. உலகத் தரமான பிஸ்டல்தான், ஆனாலும் நின்னுச்சு. அதே பொண்ணு 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கினாங்க, 25 மீட்டர்ல நாலாவது வந்தாங்க. பெயரைப் பார்த்து வாங்கினா பழுதே ஆகாதுன்னு நினைக்காதீங்க.

அதுலயும் .22 ஏர் பிஸ்டலை விட ஒரு படி அடம் பிடிக்கும். காரணம் தோட்டா. பெரிய தோட்டாக்கள்ல பிரைமர் அடிப்பாகத்தோட நடுவுல தனியா உட்கார்ந்திருக்கும். .22 ரிம்ஃபயர்ல அந்த மருந்து அடிப்பாகத்து விளிம்புக்குள்ள சுத்திவரப் பரவியிருக்கும். எங்கயாவது ஒரு இடத்துல பரவாம விட்டுப்போய், ஊசி சரியா அங்க அடிச்சா, "டிக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்தது செமி ஆட்டோமேட்டிக். தோட்டா வெடிக்கிற விசைதான் போல்ட்டைப் பின்னாடி தள்ளி, காலிக் கூட்டை வெளிய எறிஞ்சு, அடுத்ததை உள்ள ஏத்தணும். விசை கொஞ்சம் குறைஞ்சா போல்ட் பாதி வழியில நிக்கும். போட்டிக்கான பிஸ்டல் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவுக்கு ஏத்த ஸ்பிரிங்கோட வருது. யூடியூப்ல அமெரிக்காக்காரர் மலிவுத் தோட்டாவைப் பெட்டி பெட்டியா சுட்டுக் காட்டற விமர்சனம் நமக்கு உதவாது. அங்க கிடைக்கிற தோட்டா இங்க கிடைக்காது.

அதனால என் கருத்து இது: பிஸ்டலைத் தேடறதுக்கு முன்னாடி, வருஷம் முழுக்க உங்களுக்கு எந்தத் தோட்டா கிடைக்கும்னு கிளப்ல கேளுங்க. அந்தத் தோட்டாவை அந்தப் பிஸ்டல்ல இருநூறு முந்நூறு ரவுண்டு நிக்காம சுட்டுப் பார்த்த யாராவது இருக்காங்களான்னு கேளுங்க. அப்புறம், கெட்டுப்போனா யார் திறப்பாங்க? ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங், கூடுதல் மேகசின் எங்க கிடைக்கும்? ஈசிஜி மிஷின் வாங்கும்போது நான் விலையை விட சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊர்ல இருக்கார்னுதான் முதல்ல கேட்டேன். அதே கணக்குதான்.

சர்வதேச ரேஞ்சுகள்ல அதிகம் பார்க்கிறது பார்டினி எஸ்பி, வால்தர் எஸ்எஸ்பி, மொரினி, ஃபைன்வெர்க்பாவ். எல்லாமே நல்ல பிஸ்டல். இவற்றுக்குள்ள எது உசத்திங்கிற சண்டையில எனக்கு ஆர்வமே இல்லை. உங்க கிளப்ல நாலு பேர் வச்சிருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது, ஏன்னா போட்டியன்னிக்கு மேகசின் கடன் கேட்கலாம்.

பழைய பிஸ்டல் மலிவா வந்தா ஒண்ணு கவனிங்க. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரைக்கும் ரேபிட் ஃபயர்ல .22 ஷார்ட் தோட்டா ஓடுச்சு. அதுக்கப்புறம் .22 லாங் ரைஃபிள் மட்டும்தான். ஷார்ட் பிஸ்டலை வாங்கினா அலமாரியில வச்சு அழகு பார்க்கலாம்.

என் கதையையும் சொல்லிடறேன். ஒரு போட்டியில ரேபிட் சுற்று. ஏழு விநாடி காத்திருப்பு, மூணு விநாடிக்குள்ள ஒரு ஷாட். மூணாவது ஷாட்ல "டிக்". பதறிப்போய் போல்ட்டை இழுத்துட்டேன். விதிப்படி பிஸ்டலை டார்கெட் பக்கமே பிடிச்சுக்கிட்டு, எதையும் தொடாம, அதிகாரிக்கு அடையாளம் காட்டியிருக்கணும். காட்டியிருந்தா பழுதுன்னு ஏத்துக்கிட்டு மறுபடி சுட விட்டிருப்பாங்க. தொட்டதால செல்லாது, சுடாத ஷாட் எல்லாம் பூஜ்யம். வீட்டுக்கு வந்து திறந்தா சேம்பர்ல மெழுகும் கரியும் அப்பிக் கிடந்துச்சு. துடைச்சு எத்தனை நாளாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. பிஸ்டலைத் திட்ட என்ன இருக்கு?

துடைக்கிறதுன்னு வந்ததால டாக்டரா ஒரு வார்த்தை. .22 தோட்டாவோட தலை பெரும்பாலும் வெறும் ஈயம், பிரைமர்லயும் ஈயம் உண்டு. சாப்பாட்டு மேசையில வச்சுத் துடைக்காதீங்க. வீட்டுல சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா இன்னும் கவனம் வேணும். ரேஞ்ச்ல டீ, வடை வேண்டாம். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாம ஒரு ரவுண்டு கூட வேண்டாம். .22தானே, சின்னச் சத்தம்தானேன்னு விட்டவங்க பின்னாடி காதுல "ங்ங்"னு இரையுதுன்னு என்கிட்டயே வந்திருக்காங்க.

சரி, அந்த அப்பாகிட்ட பொண்ணுக்கு வயசு என்னன்னு கேட்டேன். 16. 21 முடியாம அவ பேர்ல லைசென்ஸ் கிடையாது. மதுரை மாநகர்னா கமிஷனர் ஆபீஸ், வெளியன்னா கலெக்டர் ஆபீஸ்னு அலையறதுக்கு இன்னும் காலம் இருக்கு. அதுவரைக்கும் ஏர் பிஸ்டலே சுடட்டும். 20 ஜூலுக்கு உட்பட்ட .177க்கு லைசென்ஸ் வேண்டாம், டிரிகர் பழக்கம் அதுலயே வந்துடும். .22வை கோச் மேற்பார்வையில கிளப் பிஸ்டல்ல பழகட்டும்.

அவ கை சின்னது. பெரிய சைஸ் கிரிப்பைப் பிடிச்சா விரல் நுனி டிரிகருக்கு எட்டாம, ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பக்கமா இழுக்கும். அது வீட்டுல உட்கார்ந்து கேட்டலாக் பார்த்தா தெரியாது.

"ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு கிளப்புக்கு வாங்கண்ணே, மூணு பிஸ்டல் இருக்கு, மூணையும் பிடிச்சுப் பார்க்கட்டும்"னு சொன்னேன். வரும்போது உங்க சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்கன்னேன். பிஸ்டல் விலையைக் கேட்டு அவருக்கு அது ஏறியிருக்கும்.